கட்டிப்பிடிக்கலாம், ஆனால் எப்படி? தீம் பார்க் வேடக் கலைஞர்களும் தொடுதலின் எல்லைகளும்

தீம் பார்க்கில் பொம்மை வேடத்தில் இருந்தவரை யாரோ பிடித்துத் தள்ளினார், இளவரசி வேடத்தில் இருந்தவரின் இடுப்பை யாரோ வளைத்துப் பிடித்தார், வேடமிட்டவர் ஒரு குழந்தையைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டார் என்று அவ்வப்போது ஒரு காணொளி பரவுகிறது. உடனே வாதம் இரண்டாகப் பிரிந்துவிடும். "கட்டிப்பிடிப்பதுதானே அவர்கள் வேலை, அதற்குத்தானே டிக்கெட்" என்பது ஒரு கட்சி. "எதற்கு வம்பு, எல்லோரும் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டால் போதாதா" என்பது மறு கட்சி.

தள்ளி நிற்பதை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. கோவிட் முடக்கத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தபோது பாத்திரங்கள் தூரத்தில் நின்று கையசைத்துவிட்டுப் போயின. அப்படியே நீடிக்கவில்லை. 2022 ஏப்ரல் 18 முதல் அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் பழைய மாதிரி கட்டிப்பிடிப்பது திரும்பியது. ஆக, தொடுதல் இந்தத் தொழிலை விட்டுப் போகப்போவதில்லை. அது எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதுதான் பேச வேண்டியது.

## அங்கே நிற்பது யார்?

வேடக் கலைஞர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை. தொடுதலைப் பொறுத்தவரை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும்.

1. முழு உடைப் பாத்திரம். மிக்கி, மின்னி, டொனால்ட் டக், டிக்கர் என்ற புலி போன்றவை. தலை முதல் கால் வரை மூடியிருக்கும். பெரும்பாலும் பேசாது; எல்லாம் சைகைதான்.
2. முகம் தெரியும் பாத்திரம். இளவரசிகள், கடற்கொள்ளையர், மாயாஜாலக் கதை மாந்தர். இவர்கள் பாத்திரத்தின் குரலிலேயே பேசுவார்கள்.
3. பயமுறுத்தும் பாத்திரம். ஹாலோவீன் பருவத்தில் வரும் பேய்களும் ரம்பம் ஏந்தியவர்களும். கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973 முதல் இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்துகிறது. யுனிவர்சல் பூங்காக்களின் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் இன்னொன்று.

மூன்றாவது வகையில் விதி எளிது. இத்தகைய பெரிய நிகழ்ச்சிகளில் நடிகர் உங்களைத் தொட மாட்டார், நீங்களும் நடிகரைத் தொடக்கூடாது. பயந்த மனிதனின் கை அனிச்சையாக எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் இந்த முழுத்தடை. இரண்டாவது வகையில் கலைஞருக்கு வாய் இருக்கிறது, முகம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் சிரித்துக்கொண்டே சொல்லிவிட வழி உண்டு. சிக்கல் பெரும்பாலும் முதல் வகையில்தான் விளைகிறது. அதனால் அந்த உடைக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

## உடை எதையெல்லாம் பறித்துக்கொள்கிறது

இரண்டு பேர் சந்திக்கும்போது எவ்வளவு நெருங்கலாம் என்பதை முகமும் குரலும் முடிவு செய்கின்றன. கைகுலுக்க நீட்டிய கையை எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துத்தான் நாம் அணைப்பாக மாற்றுகிறோம், அல்லது பின்னால் இழுத்துக்கொள்கிறோம். முழு உடை இந்த இரண்டையும் எடுத்துவிடுகிறது. மேலே நிரந்தரமாக ஒரு சிரிப்பு தைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் வெளியே அதே சிரிப்புதான்.

அடுத்தது பார்வை. பல உடைகளில் பாத்திரத்தின் கண் வெறும் அலங்காரம். கலைஞர் பாத்திரத்தின் வாய்ப்பகுதியில் உள்ள வலைத்துணி வழியாகவோ, வேறு ஏதாவது சிறு திறப்பு வழியாகவோ பார்க்கிறார். நேரே ஓரளவு தெரியும். பக்கவாட்டில் இருட்டு. காலடியில் நிற்கும் இரண்டு வயதுக் குழந்தை அனேகமாகக் கண்ணிலேயே படாது. பின்னாலிருந்து ஓடிவந்து தாவுகிறவரைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் வழி இல்லை.

மூன்றாவது, உடம்பின் அளவே மாறிவிடுகிறது. பாத்திரத்தின் தலை கலைஞரின் தலையைவிடப் பல மடங்கு பெரியது. அதன் எடையைத் தாங்குவது அவருடைய கழுத்தும் தோளும். அந்தப் பெரிய தலையின் உச்சியில் அன்பாக ஒரு தட்டு தட்டினால், அந்த விசை நெம்புகோல் போல நேரே கழுத்துக்கு இறங்கும். பஞ்சு வைத்துத் தைத்த தொப்பை என்று நினைத்துக் குத்தும் சிறுவனுக்கு, பஞ்சுக்குப் பின்னால் ஒருவரின் வயிறு இருப்பது தெரியாது. வால் விளையாட்டுப் பொருள் மாதிரித் தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் சமநிலை தவறுவது உள்ளே இருப்பவர்.

இவையெல்லாம் கற்பனைக் கவலைகள் இல்லை. 2005-ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வேடமிட்டுப் பணியாற்றிய சுமார் 1,900 பேருக்கு 773 காயங்கள் நேர்ந்ததாக நிறுவனம் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையிடம் பதிவு செய்திருந்தது. எல்லாம் பார்வையாளர் கைவரிசை என்று இதற்குப் பொருள் இல்லை; உடையின் எடை, தலைப்பகுதி, வெப்பம் எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கணக்கு. ஏற்கெனவே இந்த அளவு சுமையில் இருக்கும் உடம்பின் மேல்தான் நாம் போய் விழுகிறோம் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

உள்ளே ஓர் உடம்பு இருக்கிறது என்பதை நிர்வாகங்களே மறந்துபோன காலமும் உண்டு. டிஸ்னி வேர்ல்டில் உடையோடு தரும் உள்ளாடைகளைக் கலைஞர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அணியும் வழக்கம் இருந்தது. ஒட்டுண்ணியும் சொறியும் பரவுகின்றன என்று முறையிட்டு, ஆளுக்குத் தனி உள்ளாடை என்ற உரிமையை அவர்களின் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் 2001-இல்தான் பெற்றுத் தந்தது.

## முகத்துக்கும் குரலுக்கும் பதிலாக என்ன?

முகமும் குரலும் செய்யும் வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். பூங்காக்களின் நடைமுறைகளை இந்தக் கோணத்தில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும்.

1. முதல் அடி பார்வையாளருடையது. கலைஞர் கைகளை விரித்துக் காட்டலாம், அது அழைப்பு. ஆனால் நெருங்கி வருவது பார்வையாளராக இருக்க வேண்டும். குழந்தை என்றால் கலைஞர் மண்டியிட்டோ குனிந்தோ உயரத்தைக் குறைத்துக்கொண்டு, அசையாமல் காத்திருப்பார்.

2. கை எப்போதும் வெளியே தெரிய வேண்டும். புகைப்படத்தில் கலைஞரின் இரண்டு கைகளும் காணும்படி இருப்பது இந்தத் தொழிலில் எழுதப்பட்டும் எழுதப்படாமலும் உள்ள விதி. தோள், மேல்முதுகு, முழங்கை, உள்ளங்கை ஆகியவை ஏற்ற இடங்கள். இடுப்பு, தொடை, மார்பு, முகம் விலக்கு. பின்னால் ஒரு புகார் வந்தால், கை எங்கே இருந்தது என்பதைப் படமே சொல்லிவிடும். இந்த விதி பார்வையாளரைக் காப்பது போலவே கலைஞரையும் காக்கிறது.

3. தூக்குவதில்லை. குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பெற்றோர் நீட்டுவது அன்றாடம் நடக்கும். பார்வை சரியாக இல்லாத, வழுக்கும் துணிக் கையுறை போட்ட ஒருவரிடம் குழந்தையைக் கொடுப்பதில் உள்ள ஆபத்தை விளக்கவே தேவையில்லை.

4. மூலைக்குப் போவதில்லை. சந்திப்பு திறந்த இடத்தில், வரிசையில் நிற்பவர்கள் கண்ணெதிரே, கேமராவின் முன்னே நடக்கும்.

5. தப்பிக்கும் அசைவுகள். அணைப்பு நீண்டுகொண்டே போனால் கலைஞர் முதுகில் இரண்டு தட்டு தட்டி, கையை எடுத்து, ஹை ஃபைவுக்கு மாற்றுவார். இடுப்புக்குப் போகும் கையைப் பிடித்துத் தன் முழங்கையில் கோத்துக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு அது நடனம் மாதிரி இருக்கும், உண்மையில் மறுப்பு.

ஐந்தாவதைத்தான் பார்வையாளர்கள் அதிகம் புரிந்துகொள்ளாமல் போகிறார்கள். பேச முடியாத ஒருவர் கையை விலக்கினால் அதுதான் அவரது "வேண்டாம்". அதற்கு மேல் ஒரு தெளிவான மறுப்பை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

## அருகில் நிற்கும் இன்னொருவர்

பெரிய பூங்காக்களில் முழு உடைப் பாத்திரம் பொதுவாகத் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் சாதாரணச் சீருடையில் ஓர் உதவியாளர் இருப்பார். தொழில்வழக்கில் கேரக்டர் அட்டெண்டன்ட். வரிசையை ஒழுங்குபடுத்துவது, படம் எடுத்துத் தருவது என்று பார்த்தால் சின்ன வேலையாகத் தோன்றும். உண்மையில் அவர்தான் பாத்திரத்தின் கண்ணும் வாயும். "கீழே ஒரு குட்டிப் பாப்பா உங்களைப் பார்க்கக் காத்திருக்கிறாள்" என்று அவர் சத்தமாகச் சொல்வது பாப்பாவுக்காக மட்டும் இல்லை. உள்ளே இருப்பவருக்கு அது தகவல். "சரி, மின்னி இப்போது தண்ணீர் குடித்துவிட்டு வருவார்" என்றால் சந்திப்பு முடிந்தது.

அட்டெண்டன்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கம் உதாரணம். அங்கே பொம்மை உடையில் திரிபவர்கள் எந்தப் பூங்காவின் ஊழியரும் இல்லை. படம் எடுத்துக்கொண்டால் பணம் கேட்கும் தனி ஆட்கள். இரு தரப்பிலும் புகார்கள் குவிந்ததால், அவர்கள் பணம் கேட்டு நிற்க வேண்டிய பகுதிகளை மாநகராட்சி 2016-இல் தரையில் வண்ணம் பூசி வரையறுத்தது. பூங்காவில் ஒரு மனிதர் செய்யும் வேலையை அங்கே பெயிண்ட் செய்ய வேண்டியிருக்கிறது.

பூங்காக்களுக்குள் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் வேடமணிந்து வரக்கூடாது என்று டிஸ்னி விதி வைத்திருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். உடையைப் பார்த்துக் குழந்தை நம்பி ஓடுகிறது. அந்த உடைக்குள் இருப்பவர் பயிற்சி பெற்ற ஊழியராக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் ஒரு பயன். சில சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

## 2019: ஒரே நிறுவனம், மூன்று புகார்கள்

2019 டிசம்பரில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஊழியர்கள் மூவர் ஷெரிஃப் அலுவலகத்தில் அளித்த புகார்கள் வெளியே வந்தன. மூன்றும் "பாத்திரத்தைத் தொட்டது" என்ற ஒரே தலைப்பில் அடங்கினாலும் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

முதலாவது, மின்னி மவுஸ் வேடத்தில் இருந்த பெண். படம் எடுத்துக்கொண்ட ஓர் ஆண் அவரை அணைத்தபின் மார்பைப் பலமுறை தொட்டார். அந்தப் பெண் குற்றவழக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார். நிறுவனம் அந்த ஆணை இனிப் பூங்காவுக்குள் நுழையக்கூடாது என்று தடைசெய்தது.

இரண்டாவது, மிக்கி வேடத்தில் இருந்தவர். ஒரு பாட்டி, தன் பேரக்குழந்தைக்குப் பயம் தெளியட்டும் என்று மிக்கியின் தலையில் சில முறை தட்டிக் காட்டினார். மேலே சொன்ன அதே நெம்புகோல் கணக்குதான்: கலைஞர் கழுத்து வலியோடு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. கெட்ட எண்ணம் இல்லை என்பதால் அது குற்றமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மூன்றாவது, டொனால்ட் டக். ஒரு பெண், வேடமிட்டவரின் உடலெங்கும் கையை ஓட்டி, உடைக்குள்ளும் கைவிட முயன்றார். அந்தப் பெண்ணுக்கு மறதிநோய் இருக்கலாம் என்று கலைஞர் கருதினார். வழக்கு வேண்டாம் என்றார்.

தெரிந்தே செய்த அத்துமீறல், அன்பில் செய்த கவனக்குறைவு, தன்னிலை அறியாமல் செய்தது. மூன்றையும் ஒரே விதமாகத் தண்டிக்க முடியாது. ஆனால் மூன்றிலும் உள்ளே இருந்தவருக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான். ஒருவரைத் தண்டிக்கும்போது எண்ணத்தைப் பார்க்கலாம். பாதுகாப்பு ஏற்பாட்டை வடிவமைக்கும்போது விளைவைத்தான் பார்க்க வேண்டும். விவாதங்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "பாவம், அந்தப் பாட்டி வேண்டுமென்றா செய்தார்?" என்ற கேள்வியோடு பேச்சு நின்றுபோகிறது.

## சட்டம் என்ன சொல்கிறது?

ஃபுளோரிடா சட்டப்படி, இன்னொருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வேண்டுமென்றே தொடுவதே 'பேட்டரி' என்ற குற்றம்தான். காயம் ஏற்பட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஓராண்டு வரை சிறையும் 1,000 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. நுழைவுச்சீட்டு வாங்கியதால் இந்த விருப்பம் தானாக வந்துவிடாது. கலைஞர் கை விரிப்பது அணைப்புக்கான சம்மதம். அதற்கு மேல் எதற்கும் இல்லை.

பூங்கா தனியார் இடம் என்பதால் நிர்வாகத்துக்கு இன்னொரு கருவி கையில் இருக்கிறது. ஒருவரை வெளியேற்றித் தடை விதிக்கலாம். அதை மீறித் திரும்பி வந்தால் அத்துமீறி நுழைந்த குற்றம் சேரும். கலைஞர் நீதிமன்றப் படியேற விரும்பாத வழக்குகளில் நடைமுறையில் பயன்படுவது இதுதான்.

நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு. 1964-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஊழியருக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் பாலியல் தொல்லை தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், நிறுவனம் உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் அதன்மேல் பொறுப்பு விழலாம். "வாடிக்கையாளர் செய்ததற்கு நாங்கள் என்ன செய்ய?" என்று கையை விரிக்க முடியாது.

## புகார் மறுபக்கத்திலிருந்து வரும்போது

கலைஞர்கள் எல்லை மீறவே மாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மீறினால் அதே சட்டம் அவர்கள் மேலும் பாயும். ஆனால் உடை சாட்சியத்தையும் குழப்பிவிடுகிறது. 2004-இல் டிக்கர் வேடத்தில் இருந்த ஒருவர், படம் எடுக்கும்போது ஒரு சிறுமியைத் தகாத இடத்தில் தொட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டார். அவருக்காக வாதாடிய வழக்கறிஞரே ஒரு காலத்தில் டிஸ்னியில் வேடம் கட்டியவர். அந்த உடைக்குள் பார்வையும் கை அசைவும் எவ்வளவு குறுகிப்போகும் என்பதே வாதத்தின் மையம். ஜூரி அவரை விடுவித்தது.

2007 ஜனவரியில் இன்னொரு டிக்கர். படம் எடுக்க நின்ற ஒரு பதின்வயதுப் பையனின் மேல் கை ஓங்கிப் பட்டது காணொளியில் பதிவாகி உலகம் சுற்றியது. பையன் பின்னாலிருந்து உடையை இழுத்ததால் தனக்கு மூச்சு முட்டியது என்றார் கலைஞர். அரசுத் தரப்பு வழக்குத் தொடரவில்லை. வெளியிலிருந்து எடுத்த காணொளியில் பொம்மையின் சிரிப்பும் ஓங்கிய கையும் தெரியும்; கழுத்தில் இறுகிய துணி தெரியாது.

## "இல்லை" என்ற சைகையின் விலை

2022 ஜூலையில் பென்சில்வேனியாவின் செசமி பிளேஸ் பூங்காவில் நடந்தது இந்தத் தொழிலின் ஆகச் சிக்கலான நிகழ்வு. அணிவகுப்பில் வந்த, 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் தொடரின் ரோசிட்டா பாத்திரம், அணைப்புக்காகக் கை நீட்டி நின்ற இரண்டு கறுப்பினச் சிறுமிகளிடம் "இல்லை" என்பதுபோல் கையசைத்துவிட்டுக் கடந்துபோனது. காணொளி பரவியது, இனப்பாகுபாடு என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

பூங்காவின் முதல் விளக்கம்: கூட்டத்தில் யாரோ குழந்தையைத் தூக்கிப் படம் எடுக்கச் சொன்னார்கள், அதற்கு அனுமதி இல்லை, சைகை அதற்கானது, தாழ்வாக நிற்பவர்களைப் பார்ப்பது இந்த உடையில் கடினம். இரண்டுமே மேலே பார்த்த விவரங்களோடு பொருந்துகின்றன. ஆனால் கடும் எதிர்ப்பு எழுந்தபின் பூங்கா மன்னிப்புக் கேட்டது, ஊழியர்களுக்குப் பாகுபாடு தவிர்க்கும் பயிற்சியும் அறிவித்தது. அதே ஆண்டில் வேறொரு தந்தை, தன் மகளை வேறு சில பாத்திரங்கள் புறக்கணித்ததாகத் தொடுத்த வழக்கில், 2024 ஜூனில் ஜூரி பூங்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு எப்படி இருந்தாலும் அன்று அந்தச் சிறுமிகள் முகம் வாடியது நிஜம். யாரை அணைப்பது, யாரை விடுவது என்பதைக் கலைஞரின் அந்த நேரத்து முடிவுக்கு விட்டுவிட்டால் கெட்ட எண்ணம் இல்லாமலேயே பாகுபாடு போன்ற ஒன்று உருவாகும். அதனால் அணிவகுப்பில் தனித்தனி அணைப்பே வேண்டாம், சந்திப்புக்கென்று வரிசை உள்ள இடத்தில் மட்டும் தொடுதல் என்று பிரித்துவைப்பதுதான் சரியான ஏற்பாடு என்று படுகிறது. நகர்ந்துகொண்டே இருக்கும்போது மறுப்பைக் கண்ணியமாகச் சொல்ல அந்த உடையில் வழியே இல்லை.

## குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

அணைப்பு வேண்டாம் என்று அழும் குழந்தையைப் படத்துக்காக முன்னே தள்ளுவதைப் பூங்காக்களில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் பெரிய தலையும் அசையாத முகமும் பயத்தைத் தருவது இயல்பு. ஐந்தடி தள்ளி நின்று கையசைத்தால் போதும் என்றால் அதுவே சந்திப்பு. கலைஞரும் அதற்குத் தயாராகவே இருப்பார்.

வளர்ந்த பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டியவை மூன்று: பின்னாலிருந்து போகக்கூடாது, தலையையும் வாலையும் தொடக்கூடாது, ஓடிப்போய் மோதக்கூடாது.

ஆட்டிசம் உள்ள குழந்தை என்றாலோ, பார்வையற்றவர் என்றாலோ, முன்பே அட்டெண்டன்டிடம் சொல்வது நல்லது. பார்வையற்ற ஒருவருக்குத் தொடுதல்தான் சந்திப்பு. காதும் மூக்கும் எப்படி இருக்கின்றன என்று தடவிப் பார்க்காமல் மிக்கி அவருக்கு வெறும் சத்தம். முன்கூட்டியே தெரிந்தால் கலைஞர் அசையாமல் நின்று, அந்தக் கையைத் தன் கையால் பிடித்து வழிகாட்ட முடியும். பொதுவிதி தடுப்பதைச் சம்மதம் அனுமதிக்கும் இடம் இது.

## தொழிற்சங்கம் ஏன் வந்தது?

ஃபுளோரிடாவில் டிஸ்னி வேடக் கலைஞர்களுக்கு நெடுங்காலமாகச் சங்கம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 2024 மே மாதம்தான் சுமார் 1,700 பாத்திர, அணிவகுப்புக் கலைஞர்களைக் கொண்ட பிரிவு, மேடை நடிகர்களின் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேர வாக்களித்தது. ஆதரவு 953, எதிர்ப்பு 258. சம்பளமும் வேலைநேரமும் ஒரு பக்கம் இருக்க, வேலையிடப் பாதுகாப்பும் அவர்கள் முன்வைத்த காரணங்களில் ஒன்று.

இதன் பொருள் பார்வையாளருக்கும் முக்கியம். ஒரு அட்டெண்டன்ட் எத்தனை பாத்திரங்களைக் கவனிக்க வேண்டும், புகார் சொன்ன கலைஞர் அன்றே திரும்ப அதே இடத்தில் நிற்க வேண்டுமா, சந்திப்பைப் பாதியில் முடிக்கும் உரிமை யாருக்கு என்பவை நிர்வாகத்தின் நல்ல மனதைப் பொறுத்த விஷயங்களாக இருந்தவரை, ஒரு கூட்ட நாளில் காற்றில் பறந்துவிடும். இவை ஒப்பந்தத்தில் ஏறினால், வரிசை எவ்வளவு நீண்டாலும் மேலாளர் அட்டெண்டன்டை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது.